டிக் பிரான்சிஸ்: ஜாக்கியாக இருந்து எழுத்தாளர் ஆனவர்

டிக் பிரான்சிஸ் பெயரை எடுத்தாலே எல்லோருக்கும் 1956 மார்ச் 24தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் எயின்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல், தடை தாண்டும் குதிரைப் பந்தயம். டெவன் லாக், இங்கிலாந்து ராஜமாதாவின் குதிரை; மேலே பிரான்சிஸ். முப்பது தடைகளையும் தாண்டி முன்னணியில் வந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஐம்பது கஜம் போல இருக்கும்போது முன்னங்கால்கள் எழும்பின. மறுகணம் வயிறு தரையில். இ.எஸ்.பி. என்ற குதிரை கடந்து போய் ஜெயித்தது.

*

ஏன் விழுந்தது? கடைசித் தடைக்குப் பிறகு எல்லைக்கோடு வரையான ஓட்டம் தண்ணீர்த் தடையின் பக்கவாட்டில் போகும். அதன் ஓரம் கண்ணில் பட்டு, தாண்ட வேண்டுமென எழும்பியது என்பார்கள். தசைப்பிடிப்பு என்பாரும் உண்டு. ஆனால் குதிரை சற்று நேரத்தில் எழுந்து நன்றாகவே நடந்தது. பிரான்சிஸ் கடைசிவரை நம்பிய காரணம் வேறு: அரச குடும்பத்துக் குதிரை ஜெயிக்கப்போகிறதென்று கூட்டம் போட்ட கூச்சல். காதை நிமிர்த்திய குதிரை அதில் மிரண்டது என்பார். சேணத்தில் இருந்தவர் சொல்வதற்கே என் ஓட்டு.

*

விழுந்ததையே பேசுகிறோம். 1953-54 பருவத்தில் சாம்பியன் ஜாக்கி அவர்தானே! 1957இல் ஓய்வு, அதே ஆண்டில் சுயசரிதை. பிறகு 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் 16 ஆண்டுகள் பந்தயச் செய்தியாளர். நாவல்களில் சுற்றிவளைக்காத அந்த நடை பத்திரிகைப் பழக்கம்தான். முதல் மர்ம நாவல் 'டெட் செர்ட்' 1962இல் வந்தது. தடையின் குறுக்கே கம்பி கட்டிக் குதிரையைச் சாய்ப்பதுதான் அதில் கொலை. பந்தய விவரம் அலங்காரமாக நிற்காது, அதுவே ஆயுதமாகிவிடும். அவரைப் பார்த்து எழுதியவர்கள் பலரும் சறுக்கியது இங்கேதான்.

*

எழுதும் முறையும் கறாரானது. ஜனவரி 1 தொடக்கம், மே மாதத்தில் கைப்பிரதி, இலையுதிர் காலத்தில் புத்தகம். தகவல் திரட்டியதில் மனைவி மேரிக்குப் பெரும் பங்கு. 'ஃப்ளையிங் ஃபினிஷ்' நாவலுக்காக விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார் அந்த அம்மா.

*

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பெரும்பாலான நாவல்கள் தனித்தனி, எதிலும் தொடங்கலாம். ஜாக்கியாக இருந்து துப்பறிவாளரான சிட் ஹாலி வருபவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: 'ஆட்ஸ் அகைன்ஸ்ட்' (1965), 'விப் ஹேண்ட்' (1979), 'கம் டு கிரீஃப்' (1995), 'அண்டர் ஆர்டர்ஸ்' (2006). இரண்டாவதை முதலில் எடுத்தால், அவர் இடது கைக்கு என்ன ஆயிற்று என்பது முன்னாடியே தெரிந்துவிடும்.