41 கிலோ சாமானோடை நியூசிலாந்து போறம், வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலையிருந்து எழுதிறன். நாங்கள் நாலு பேர் நியூசிலாந்திலை ஒரு சாகசப் போட்டிக்குப் போறம்: மலையோட்டம், சைக்கிள், கயாக் எண்ட சின்னத் துடுப்புப் படகு, கயிற்றிலை இறங்கிறது எல்லாம் இருக்கு. இரணைமடுக் குளத்திலை இரண்டு வருசம் துடுப்புப் போட்டுப் பழகினது இதுக்காகத்தான்.

ரிக்கெற்றிலை ஆளுக்கு 23 கிலோ. நேற்று நெல்லு நிறுக்கிற தராசிலை வைச்சுப் பாத்தன், என்ரை மட்டும் 41! சைக்கிள் பெட்டியே 19. தலைவிளக்கின்ரை லிதியம் மேலதிக பற்றரியள் கைப்பையிலைதான் போகவேணும், அடுப்புக் காஸ் குப்பி கொண்டுபோக ஏலாது. அது தெரியும். அங்கை மண் ஒட்டின சப்பாத்தை விடமாட்டினம் எண்டு செம்மண் போகத் தேய்ச்சுக் கழுவிப்போட்டன்.

எதை விட்டிட்டுப் போறது? துடுப்பும் கயிறும் அங்கை வாடகைக்கு எடுக்கலாமோ? கூடின நிறைக்கு முன்னமே காசு கட்டினால் மலிவோ? கட்டுநாயக்கா விமான நிலையத்தாலை சைக்கிள் கொண்டுபோன ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ. தம்பி ஒருத்தனுக்கு இன்னும் சைக்கிள் பெட்டி இல்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ஆரும் இரவல் தந்தால் நானே வந்து எடுக்கிறன்.