எம்.பி. நிதியை 10 கோடி ஆக்கணுமாம், சரி. அந்த 90 லட்சம் எங்கிருந்து வந்தது?

நொய்யல்காரன்:
நேற்று சாயங்காலம் எங்கள் பக்கம் ஒரு நிழற்குடை திறப்பு விழா. வந்திருந்த எம்.பி. மைக்கைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. 2011-ல் தொகுதி மேம்பாட்டு நிதியை வருசத்துக்கு 5 கோடி ஆக்கினார்களாம், இன்றைக்கும் அதே 5 கோடிதானாம். எம்.எல்.ஏ.வுக்கு ஒரே தொகுதிக்கு 3 கோடி, தனக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்தே 5 கோடி, அதிலும் ஜிஎஸ்டிக்கு 90 லட்சம் போய்விடுகிறது, ஆகவே 10 கோடி வேண்டும் என்றார். கேட்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 90 லட்சம் என்று எவர் எழுதிக் கொடுத்தது? 5 கோடி என்பது 18 சதவீத வரியும் சேர்ந்த தொகை. 1.18-ஆல் வகுத்தால் வேலைக்கு 4 கோடியே 23 லட்சத்து 73 ஆயிரம், வரி 76 லட்சத்து 27 ஆயிரம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பில் போடும் பையனைக் கேட்டாலே சொல்லுவான்.

சோமனூர் தறிக்காரன்:
5 கோடிக்கு 18 பர்சென்ட் 90 லட்சம். இதற்குப் பனியன் கம்பெனிப் பையன் எதற்குங்க? மூணாங்கிளாஸ் பையன் போதும்.

நொய்யல்காரன்:
மூணாங்கிளாஸ் பையன்தான் அப்படிப் போடுவான். மறுபடி சொல்கிறேன், 76 லட்சத்து 27 ஆயிரம். வித்தியாசம் 13 லட்சத்து 73 ஆயிரம். அந்தப் பணத்தில் ஒரு நிழற்குடை கட்டலாம்.

சோமனூர் தறிக்காரன்:
முப்பது வருசமாகத் தறி ஓட்டுகிறேன். ஒரு லட்சத்துக்கு வேலை செய்தால் வரியை மேலே வைத்துத்தான் பில். 5 கோடிக்கு வேலை நடக்க வேண்டும் என்றால் 90 லட்சம் மேலே வேண்டும். எம்.பி. சொன்னது அதுதான். உங்களுக்கு அவர் கட்சி பிடிக்காது, அதைச் சொல்லிவிட்டுப் போங்களேன்.

பாரியூர்க்காரி:
அண்ணா, இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். இது எம்.பி. கையில் கொடுக்கும் பணமே இல்லை. அவர் இன்ன வேலை என்று பரிந்துரைக்கிறார், ஒப்புதல் கொடுப்பது கலெக்டர் அலுவலகம். முதலில் 'எம்.பி. நிதி' என்றால் என்ன என்று பேசிவிட்டு அப்புறம் 90-ஆ 76-ஆ என்று பார்ப்போமே. 2010-ல் சுப்ரீம் கோர்ட் இந்தத் திட்டம் செல்லும் என்றது. அதற்கு முன்பே நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இதை எடுத்துவிடச் சொல்லியிருந்தது. ஏன் சொன்னது என்று பேசலாம்.

நொய்யல்காரன்:
பேசலாம் அம்மணி. 76 லட்சத்து 27 ஆயிரம் என்று அவர் ஒப்புக்கொண்டதும் பேசலாம்.

மலைக்காட்டான்:
பர்கூர் மலையிலிருந்து எழுதுகிறேன். இந்த நிதியில் ஏழரை சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கு, 15 சதவீதம் பட்டியல் சாதியினர் பகுதிக்கு என்று விதி. 5 கோடியில் ஏழரை என்றால் 37 லட்சத்து 50 ஆயிரம். 10 கோடி ஆக்கினால் எங்களுக்கு 75 லட்சம். அதனால் நான் ஆதரிக்கிறேன்.

சோமனூர் தறிக்காரன்:
பார்த்தீர்களா, இவரும் நேராகத்தான் பெருக்கினார். யாரும் 1.18-ஆல் வகுக்கவில்லை.

நொய்யல்காரன்:
அது ஒதுக்கீடு, இது வரி! இதுகூடப் புரியாதவரோடு பேசி என்ன பயன்? போன வருசம் அத்திக்கடவு குளம் நிரப்பும் திட்டத்தைப் பற்றிய பேச்சிலும் இவர் இப்படித்தான். 1,045 குளத்தை ஆயிரத்து நூறு என்று அடித்துப் பேசினார்.

சோமனூர் தறிக்காரன்:
தோராயமாகச் சொன்னேன். அத்திக்கடவுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியது யார் என்று கேட்டபோது நீங்கள் ஓடிப்போனதை மறந்துவிட்டீர்கள்.

நொய்யல்காரன்:
2024 ஆகஸ்டில் தண்ணீர் திறந்தது யார் என்று கேட்டபோது நீங்கள் ஓடிப்போனீர்கள். சரி, அதை விடுங்கள். இந்த வரி 2022 ஜூலைக்கு முன்னால் அரசு கட்டட வேலைக்கு 12 சதவீதம். அப்போது 53 லட்சத்து 57 ஆயிரம். எம்.பி. கணக்குப்படி என்றால் 60 லட்சம். அப்போதும் தப்புத்தான்.

காங்கயம் காளை:
அதில் பாதி மத்திய ஜிஎஸ்டி. டெல்லி ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறது. அதை யாரும் கேட்க மாட்டீர்கள். கொங்கு நாடு கட்டுகிற வரிக்கு ஒரு தொகுதிக்கு 100 கோடியே கொடுக்கலாம்.

பாரியூர்க்காரி:
காங்கயத்துக்கு எம்.பி. யாருங்க? நீங்கள் இருப்பது திருப்பூர் மாவட்டம், ஓட்டுப் போடுவது ஈரோடு எம்.பி.க்கு. நாங்கள் ஈரோடு மாவட்டம், எங்களுக்கு எம்.பி. திருப்பூர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கேட்டு நான் ஈரோடு கலெக்டர் ஆபீசுக்கும் திருப்பூருக்கும் நடந்த கதை உண்டு. இவர் அங்கே போ என்றார், அவர் இங்கே வா என்றார். கடைசியில் எஸ்டிமேட் போட்ட காகிதம் யூனியன் ஆபீஸ் பீரோவில் மஞ்சளாகிக் கிடந்தது.

அவிநாசி மாப்பிள்ளை:
நாங்கள் என்ன சொல்வது? எங்களுக்கு எம்.பி. நீலகிரி. அவரைப் பார்க்க ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

காங்கயம் காளை:
அவிநாசிக்காரர்கள் தேருக்கு வரும்போது மட்டும் கொங்கு, ஓட்டுக்கு ஊட்டியா?

அவிநாசி மாப்பிள்ளை:
தொகுதியை நானா பிரித்தேன்? பேச்சு மரியாதையாக இருக்கட்டுங்க.

நொய்யல்காரன்:
எங்கே போனாலும் எஸ்டிமேட் ஒன்றுதான். கடைசிக்கு முந்தின வரிசையில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று இருக்கும், அதையும் கூட்டித்தான் மொத்தம். மொத்தம் 5 கோடிக்குள் நிற்க வேண்டும். ஆக 76 லட்சத்து 27 ஆயிரம்.

கரைப்புதூரான்:
அந்த விழாவில் நானும் இருந்தேன். கம்பியில் உட்காரும் பலகை மூணு, அதில் ஒன்று வெல்டிங் விட்டுத் தொங்கியது. திறப்பு விழா அன்றே! பெயர்ப்பலகை மட்டும் கிரானைட், ஆறடி. ஒரு பாட்டி காலைத் தேய்த்துக்கொண்டு அதன் மேல் சாய்ந்து நின்றார். பலகையை யாராவது சரி செய்யச் சொல்லலாமே? பேசினவர் வண்டி ஏறியதும் கான்ட்ராக்டரும் கிளம்பிவிட்டார்.

சோமனூர் தறிக்காரன்:
பணம் போதாததால்தான் பலகை தொங்குகிறது. 90 லட்சம் வரிக்குப் போனால் வெல்டிங்குக்கு ஏது?

நொய்யல்காரன்:
76.

மலைக்காட்டான்:
கொரோனா என்று 2020 ஏப்ரலில் இந்த நிதியையே நிறுத்தினார்கள். 2021 நவம்பரில்தான் மறுபடி தந்தார்கள், அதுவும் அந்த வருசத்து மீதிக்கு 2 கோடி. அப்போது எங்கள் ஊருக்குச் சொல்லியிருந்த வேலை அப்படியே நின்றது. அன்றைக்கு இங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

நொய்யல்காரன்:
2 கோடிக்கு வரி 30 லட்சத்து 51 ஆயிரம், 18 சதவீதம் என்றால். அப்போது 12, ஆகவே 21 லட்சத்து 43 ஆயிரம். தறிக்காரர் கணக்கில் 24 லட்சம் வரும். நாளைக்கு யூனியன் ஆபீசிலிருந்து எஸ்டிமேட் நகல் வாங்கிப் போட்டோ போடுகிறேன்.

சோமனூர் தறிக்காரன்:
போன வருசமும் இதேபோல ஆர்டிஐ போட்டு நகல் வாங்குகிறேன் என்றீர்கள். அந்தப் போட்டோவையும் சேர்த்தே போடுங்கள், பார்க்கிறோம்.