746 ஓட்டும் 60 வார்டும்: வேலூர் ஜனம் எதற்கு ஓட்டுப் போட்டது?

கஸ்பாக்காரன்

நேற்று, 2022 பிப்ரவரி 22ஆம் தேதி, வேலூர் மாநகராட்சி ஓட்டு எண்ணி முடித்ததும் எங்கள் தெருவில் சரவெடி. கொளுத்தியவர்களில் இரண்டு பேர் போன வருஷம் மே 2ஆம் தேதி, சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்று, டிவி முன்னால் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள். அன்றைக்கு வேறு கரை வேட்டி.

என் கேள்வி இதுதான். 60 வார்டில் பெரும்பாலானவற்றைத் திமுக அள்ளிக்கொண்டது. பத்து மாதம் முன்னால் நிலவரம் என்ன? காட்பாடியில் 1971லேயே ஜெயித்த துரைமுருகன் 746 ஓட்டில் தப்பிக் கரையேறினார். அன்றைக்கு எத்தனை சுற்று பின்தங்கியே இருந்தார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வேலூரில் திமுகவின் கார்த்திகேயன் ஜெயித்தது 9,181 ஓட்டில். கே.வி.குப்பம் இரட்டை இலையில் நின்ற ஜெகன்மூர்த்திக்குப் போனது.

அதற்குள் ஜனம் மொத்தமாக மனசு மாறிவிட்டதா? இல்லை என்பது என் வாதம். வார்டுக்குப் போடும் ஓட்டின் கணக்கே வேறு. சென்னைக் கோட்டையில் ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஆள் நம் தெருவில் இருந்தால் ஃபைல் நகரும், லைட் எரியும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் போன மே மாதம் பத்துத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு. நேற்று அதே கோவை மாநகராட்சியில் 100 வார்டில் அதிமுகவுக்கு மூன்று. 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்த கையோடு பத்து மாநகராட்சியும் அதிமுகவுக்குப் போயின. அதனால் ஜெயித்தவர்கள் இதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது தெருவிளக்குக்குப் போட்ட ஓட்டு.

கருப்புசிவப்பு76

அண்ணே, நாங்கள் தோற்றால் ஜனம் புத்திசாலி, ஜெயித்தால் ஜனத்துக்குத் தெருவிளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா? நல்ல நியாயம்.

ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்பது விதியானால், 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலுக்கு என்ன சொல்வீர்கள்? எடப்பாடி முதல்வர், அதிகாரம் முழுக்க அவர்கள் கையில். அப்படியும் மாவட்டக் கவுன்சிலர்களில் திமுக கூட்டணிதான் கூடுதல்.

746க்கும் வருகிறேன். காட்பாடியில் அதிமுகவின் ராமு வாங்கிய 84 ஆயிரத்துச் சொச்சமும் இலையின் ஓட்டு மட்டும் இல்லை. பாமகவும் பாஜகவும் அந்தக் கூட்டணியில் இருந்தன. இந்தத் தடவை மூன்றும் தனித்தனியாக நின்றன. வார்டு அளவில் 200 ஓட்டு பிரிந்தாலே கதை முடிந்தது. அதோடு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ரேஷன் கார்டுக்கு 4,000 ரூபாய் வந்தது. இதற்கெல்லாம் ஓட்டே விழாதா?

காந்திநகர் ரிட்டயர்டு

இரண்டு பேரும் ஊர் எல்லையைக் குழப்புகிறீர்கள். காட்பாடித் தொகுதி முழுவதும் மாநகராட்சி இல்லை. காந்திநகர், தாராபடவேடு பக்கம் மட்டும்தான் மாநகராட்சிக்குள். பொன்னை வரைக்கும் நீளும் கிராமங்கள் வெளியே. அந்த 746ஐயும் இந்த 60 வார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே சரியில்லை. எங்கள் பாடு இன்னும் வேடிக்கை: குப்பை வண்டி வேலூர் மாநகராட்சி, எம்.எல்.ஏ. காட்பாடி, எம்.பி. அரக்கோணம். சாக்கடை அடைத்தால் யார் கதவைத் தட்டுவது என்று முடிவெடுப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

என் வருத்தம் வேறு. மேயருக்கு நாம் ஓட்டே போடவில்லையே, அதை யாரும் பேசக் காணோம். 2006இல் திமுக ஆட்சியில் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் அதிமுக ஆட்சியில் நாமே நேரடியாகப் போட்டோம், கார்த்தியாயினி மேயரானார். 2019 நவம்பரில் அதே அதிமுக அவசரச் சட்டம் போட்டு மறைமுகத் தேர்தல் என்று மாற்றியது. இப்போது திமுகவுக்கும் அது வசதியாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொண்டார்கள். எந்தக் கட்சிக்கு எது தோதோ அன்றைக்கு அது ஜனநாயகம்.

இந்தத் தேர்தலும் எத்தனை வருஷம் கழித்து வந்தது? 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது, அதே மாதம் சபையின் காலமும் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்ஜியம். போன நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது, கன்சால்பேட்டையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, போன் போடக் கவுன்சிலர் என்று ஓர் ஆள் இல்லை. நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் பண்ணுவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்த நாளில் சபையைக் காணோம்.

கஸ்பாக்காரன்

சார், எல்லை விஷயம் சரி. ஆனால் வேலூர் தொகுதியில் பெரும்பங்கு மாநகராட்சிதான். அங்கேயும் 9,181 எங்கே, நேற்றைய வாரிச்சுருட்டல் எங்கே? தம்பி, ஓட்டுப் பிரிந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதிராளி மூன்றாக உடைந்து நின்றதால் கிடைத்த வெற்றி என்றால் அதுவும் சாதனைக்கு விழுந்த ஓட்டு ஆகாதே.

2019 டிசம்பரையும் முழுசாகச் சொல்லுங்கள். கவுன்சிலர் எண்ணிக்கையில் பின்தங்கிய அதிமுக, மாவட்டத் தலைவர் பதவி வந்தபோது எப்படி ஈடுகட்டியது? மறைமுகத் தேர்தலில் அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு அதுவே போதும்.

ஊசூர் வாத்தியார்

டவுன்காரர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தால் எப்படி? எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த 2019 டிசம்பர் தேர்தல் வரவே இல்லை. மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்ததால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் நடந்தது. நான் தேர்தல் பணியில் இருந்தேன். ஓர் ஆளுக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரு பாட்டி நான்கையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம், "இதுல என் மச்சினன் மவன் எதுல கீறான் சார்?" என்றார். நான் வாய் திறக்கக் கூடாது. வெளியே ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலைக் காட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கறேன்" என்று முறைத்துவிட்டு மறைப்புக்குள் போனார். உள்ளே வெகுநேரம். ஏஜென்ட்டுகள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள். வெளியே வந்தவர் நான்கையும் நிதானமாகப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, மையை ஊதிக்கொண்டே நடந்தார்.

அந்தப் பாட்டிக்குக் கணக்கு ரொம்பத் தெளிவு. மச்சினன் மகனுக்கு ஒன்று. மற்றது அவர் பாடு, சின்னத்தின் பாடு. 2021இல் ஒன்பது மாவட்டங்களில் நடந்த அந்தத் தேர்தலில் 140 மாவட்டக் கவுன்சிலர் இடங்களில் அதிமுகவுக்கு இரண்டே இரண்டுதான் தேறின. ஆனால் கீழே, கட்சிச் சின்னம் இல்லாத தலைவர் பதவியில், எத்தனை ஊரில் அதிமுகக் குடும்பத்து ஆள் ஜெயித்தார், திமுகக்காரரே அவருக்கு வேலை செய்தார்! ஒரே ஆள், ஒரே நிமிஷத்தில், நான்கு விதமாக ஓட்டுப் போடுகிறார். அதை ஒரே அலை என்று டிவியில் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

சத்துவாச்சாரி அக்கா

கஸ்பா தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. "தெருவிளக்குக்குப் போட்ட ஓட்டு" என்று கேட்க அழகாக இருக்கிறது. அது புத்திசாலித்தனம் என்றா சொல்கிறீர்கள்? பயந்து போட்ட ஓட்டு அது. ஆளுங்கட்சிக்குப் போடாவிட்டால் தண்ணீர் வராது என்று நாமே ஒப்புக்கொண்டால், தண்ணீர் நம் உரிமை இல்லை, அவர்கள் போடும் பிச்சை என்று ஆகிவிடாதா?

எங்கள் தெருவைப் பாதாள சாக்கடைக்கு என்று தோண்டினார்கள். மூடியதாகச் சொல்கிறார்கள். ஸ்கூட்டியில் போனால்தான் தெரியும், எதை மூடினார்கள் என்று. மேன்ஹோல் மூடி ரோட்டை விட ஒரு சாண் உயரம். அதைச் சுற்றித் தெருக்காரர்களே செங்கல்லை அடுக்கி வைத்து, மேலே வேப்பங்கொத்து ஒன்றைச் செருகியிருக்கிறோம், ராத்திரி வருகிறவர்களுக்கு அடையாளமாக. பிரச்சாரத்துக்கு வந்த வேட்பாளர்கள் எல்லோரும் அந்த வேப்பங்கொத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஒருத்தர் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

2011இல் மேலேயும் அதிமுக, இங்கே மேயரும் அதிமுக. அப்போது வேலூருக்குத் தேனும் பாலுமா ஓடியது? எனக்கு ஆளுங்கட்சிக் கவுன்சிலர் வேண்டாம். கூட்டத்தில் எழுந்து, "அந்த டெண்டர் என்ன ஆச்சு" என்று கேட்கிற ஆள் வேண்டும். மாவட்டச் செயலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர் எதைக் கேட்பார்? நான் ஒரு சுயேச்சைக்குப் போட்டேன், அவர் தோற்றார். பரவாயில்லை.

ஓட்டுக்குப் பணம் வைத்துக் கொடுத்த கவர் விஷயமும் பேச வேண்டும் என்றால் பேசலாம். யார் கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒரே ஆள் என்றால்தானே சொல்வதற்கு.

கருப்புசிவப்பு76

அக்கா, கேள்வி கேட்கக் கட்சி தடை இல்லை. 37ஆவது வார்டில் கங்கா நாயக் ஜெயித்திருக்கிறார், திருநங்கை, எங்கள் கட்சி. அந்த வார்டு ஜனம் பயந்தா போட்டார்கள்? பல வருஷம் கூடவே இருந்து வேலை செய்தவர் என்று தெரிந்துதான் போட்டார்கள். சீட்டுக் கொடுத்தது கட்சி, அதையும் மறக்கக் கூடாது.

சத்துவாச்சாரி அக்கா

அவர் ஜெயித்தது எனக்கும் சந்தோஷம். ஆனால் தம்பி, நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். அங்கே ஆளைப் பார்த்துப் போட்டார்கள்.

காந்திநகர் ரிட்டயர்டு

கவர் என்றதும் 2019 ஞாபகம் வருகிறது. நாடு முழுக்கத் தேர்தல், பணம் பிடிபட்டதால் வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டும் ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்து. நான் அரக்கோணத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஆகஸ்ட் 5 வரைக்கும் காத்திருந்தார்கள். காஷ்மீர் 370ஐ எடுத்த அதே நாள். அதற்குச் சில நாள் முன்னால்தான் முத்தலாக் மசோதா. திமுக பல தொகுதிகளில் லட்சக்கணக்கில் ஜெயித்த வருஷத்தில் இங்கே கதிர் ஆனந்த் வித்தியாசம் 8,141. முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் வாணியம்பாடியும் ஆம்பூரும் கைகொடுத்தன. டெல்லி விஷயம் பார்த்துப் போட்ட ஓட்டு என்றால் அதுதான். அதே மனுஷன் வார்டில் சாக்கடையைப் பார்த்துப் போடுகிறான். வாத்தியார் சொன்ன நான்கு சீட்டு டவுனிலும் உண்டு, வேறு வேறு வருஷத்தில் தருகிறார்கள், அவ்வளவுதான்.

போடாதவர்களையும் கொஞ்சம் எண்ணுங்கள். சட்டமன்றத்துக்கு மாநிலம் முழுக்க 72 சதவீதத்துக்கு மேல். இந்த நகர்ப்புறத் தேர்தலில் 60.7. சென்னை 43 சொச்சம். தெருவிளக்குக்காக ஓட்டு என்றால் இன்னும் கூட்டம் வந்திருக்க வேண்டுமே கஸ்பா தம்பி?

கஸ்பாக்காரன்

வராததற்குக் காரணம் நீங்கள் சொன்னதுதான் சார். ஐந்து வருஷம் கவுன்சிலர் இல்லாமலே ஊர் ஓடியது என்று பழகிவிட்டது. சிலருக்கு வார்டு எண்ணே தெரியவில்லை. பூத் சிலிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அக்கா சொன்ன பயம் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. கைக்குக் கிடைக்கிற ஒரே கருவி அதுதான் என்றால் அதைத்தானே எடுப்பார்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கேள்வி கேட்பார், சரி. பதில் யார் சொல்வது?

சத்துவாச்சாரி அக்கா

மேயர் சொல்ல வேண்டும். பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியாயிற்று. யார் என்று 60 பேரில் யாருக்காவது தெரியுமா? மார்ச் 4ஆம் தேதி அவர்கள்தானே தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்.

கஸ்பாக்காரன்

எங்கள் வார்டில் ஜெயித்தவரிடம் காலையில் கேட்டேன், மாலையும் கழுத்துமாக நின்றார். "தலைமை சொல்ற ஆளுக்குத்தான்" என்றார். யார் அந்த ஆள் என்றேன். "இன்னும் சொல்லலப்பா" என்றார்.

கருப்புசிவப்பு76

சொன்னதும் இங்கேயே வந்து போடுகிறேன் அண்ணே.