ஃபாதர் டெட்டை எதிர்கொண்டவர்கள்: தெரிந்ததைப் பகிருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை 35 ஆண்டுகள் நடத்திய ‘ஃபாதர் டெட்’ எனப்பட்ட அருள்தந்தை தியோடர் ஹெஸ்பர்க் பற்றி இந்த இழை. அவரை எதிர்கொண்ட மாணவர்கள், அதிகாரிகள், சபைத் தோழர்கள் ஆகியோருக்கு என்ன நடந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். நம் சொந்தக் கதைகள் வேண்டாம். அவரைப் பற்றிய பாதித் தகவல்கள் பிழையாகவே சுற்றுகின்றன. அதைச் சரிசெய்தாலே பெரிய காரியம்.

முதலில் ஒன்று. அங்கே ‘பிரசிடென்ட்’ என்பவர் நம்மூர் கல்லூரி முதல்வர் அல்ல, துணைவேந்தருக்கு நிகர். நிதி, ஆசிரியர் நியமனம், கட்டடம், கால்பந்து அணி எல்லாம் அவர் பொறுப்பு. 1952இல் பதவிக்கு வந்தபோது ஹெஸ்பர்குக்கு வயது 35. பல்கலைக்கழகம் திருச்சிலுவை சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையுடையது; அதுவரை அங்கே தலைவராக இருப்பவரே அந்தச் சபை இல்லத்தின் அதிபராகவும் இருப்பார். திருச்சபைச் சட்டப்படி இல்ல அதிபர் ஆறு ஆண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. அதனால் தலைவரும் ஆறு ஆண்டில் மாறிவிடுவார். ஒருவர் திட்டம் போட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். 1958இல் இரண்டு பொறுப்புகளையும் பிரித்தார்கள். அந்தப் பிரிப்பு இல்லையென்றால் 1987 வரை அவர் இருந்திருக்கவே முடியாது.

திருச்சியிலிருந்து

மாணவர்கள் அதிகம் சொல்வது அவருடைய அறை விளக்கைப் பற்றித்தான். தங்கக் குவிமாடம் உள்ள பிரதானக் கட்டடத்தில் அவர் அலுவலகம். நள்ளிரவு தாண்டியும் வேலை செய்வார். விளக்கு எரிந்தால் ஃபாதர் இருக்கிறார் என்று பொருள். வாசல் பூட்டியிருந்தால் தீயணைப்பு ஏணி வழியாக ஏறி வந்து மாணவர்கள் ஜன்னலைத் தட்டியதாகச் சொல்வார்கள். ‘ஃபாதர் டெட்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஆனால் பகலில் வளாகத்தில் அவரைப் பார்ப்பது அரிது. அரசு ஆணையங்கள், பன்னாட்டு அணுசக்தி முகமையில் வத்திக்கான் பிரதிநிதித்துவம் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வரவுசெலவு, கட்டடம், விளையாட்டு எல்லாவற்றையும் கவனித்தவர் துணைத் தலைவர் அருள்தந்தை எட்மண்ட் ஜாய்ஸ். அவரும் அதே 35 ஆண்டு. ஆண்டு வரவுசெலவு 97 லட்சம் டாலரிலிருந்து 17.66 கோடிக்கும், அறக்கட்டளை நிதி 90 லட்சத்திலிருந்து 35 கோடிக்கும் வளர்ந்ததில் ஜாய்ஸின் பங்கைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

மதுரையிலிருந்து

‘15 நிமிட விதி’ பற்றி எழுதுகிறேன். அவரை அடக்குமுறைக்காரர் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். பலரும் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிப்பதில்லை.

மாணவர் போராட்டங்கள் பற்றி ஹெஸ்பர்க் எழுதிய, 1969 பிப்ரவரி 17 தேதியிட்ட கடிதம் அது. வன்முறையாலோ முற்றுகையாலோ பிறர் உரிமையைத் தடுப்பவர்களுக்கு யோசிக்க 15 நிமிடம் தரப்படும். அதன் பிறகும் நிறுத்தாவிட்டால் அடையாள அட்டை கேட்கப்படும். அட்டை காட்டுபவர் அங்கேயே இடைநீக்கம். அட்டை இல்லாதவர் வெளியாளாகக் கருதப்பட்டு அத்துமீறல் வழக்கு. இன்னும் 5 நிமிடத்தில் கலையாவிட்டால் வெளியேற்றம். எதிர்ப்புக் காட்டும் உரிமையை அந்தக் கடிதம் மறுக்கவில்லை. பிறரைத் தடுப்பதை மட்டுமே தடுத்தது.

அதிபர் நிக்சன் உடனே பாராட்டி எழுதினார். துணை அதிபர் ஆக்னியூ மூலம் மாநில ஆளுநர்களிடமும் இதைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். ஹெஸ்பர்க் ஆக்னியூவுக்கு எழுதியது நேர் எதிர்: பல்கலைக்கழகங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே ஒழுங்குபடுத்தட்டும், அரசு இதில் சட்டம் போட வேண்டாம். இந்த இரண்டாவது கடிதத்தைச் சேர்த்துப் படித்தால்தான் அவர் புரிவார். அதே ஆண்டு நவம்பரில், வியட்நாம் போருக்கு நாபாம் தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனம், உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஆகியவற்றின் ஆள்சேர்ப்பை மறித்த பத்து மாணவர்கள் மேல் விதி பாய்ந்தது. கண்ணெதிரே நிற்கும் மாணவனிடம் கடிகாரம் பார்த்துச் செயல்படுத்தும் விதி வேகமாக வேலை செய்யும், ஆனால் ஆளுக்கு ஆள் விசாரிக்க இடம் தராது. அதன் குறை அதுதான்.

சென்னையிலிருந்து

மீன்பிடிக் கதை இல்லாமல் இந்த இழை நிறையாது.

1957இல் அதிபர் ஐசன்ஹோவர் அமைத்த குடிமை உரிமைகள் ஆணையத்தில் ஹெஸ்பர்கையும் சேர்த்து ஆறு பேர். தெற்கத்திக்காரர், வடக்கத்திக்காரர் என இரு பக்கமும் உண்டு. கறுப்பின உறுப்பினரும் உண்டு. அவரோடு சேர்ந்து தங்க தெற்கில் விடுதி கிடைக்காததால் விமானப்படைத் தளத்தில் தங்க வேண்டிய நிலை. 1959 கோடையில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் விசாரணையை நீதிமன்றத் தடை நிறுத்திவிட்டது. வெக்கை வேறு. எல்லோரும் எரிச்சலில் இருந்தார்கள். அந்த நிலையில் உட்கார்ந்து வாக்கெடுத்தால் அறிக்கை இரண்டாகப் பிளந்துவிடும் என்று ஹெஸ்பர்குக்குத் தெரிந்தது. விமானம் ஏற்பாடு செய்து அத்தனை பேரையும் விஸ்கான்சினில் நோட்டர் டேமுக்குச் சொந்தமான லேண்ட் ஓ லேக்ஸ் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். நல்ல சாப்பாடு, அந்திவேளையில் படகில் மீன்பிடிப்பு, அப்புறம் வாக்கெடுப்பு. 12 பரிந்துரைகளில் 11க்கு ஒருமித்த சம்மதம். இது எப்படி நடந்தது என்று ஐசன்ஹோவர் வியந்தபோது, அவர்கள் எல்லோரும் மீன்பிடிப்பவர்கள் என்பதைக் கண்டுகொண்டதுதான் காரணம் என்றாராம் ஹெஸ்பர்க்.

1969இல் அதே ஆணையத்தின் தலைவரானார். நிக்சன் அரசின் குடிமை உரிமைச் செயல்பாட்டைத் தொடர்ந்து குறை சொன்னதால் 1972 தேர்தல் முடிந்த கையோடு விலகச் சொல்லிவிட்டார்கள்.

மீண்டும் பாளையங்கோட்டையிலிருந்து

இதோடு ஒரு திருத்தம். மார்ட்டின் லூதர் கிங்கோடு அவர் கைகோத்து நிற்கும் படத்தை 1965இன் செல்மா உரிமை ஊர்வலம் என்று போடாதீர்கள். அது 1964 ஜூன் 21, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம். குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் நிறைவேறி இரண்டே நாள் ஆகியிருந்தது. இப்போது அந்தப் படம் வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய காரியம் 1967. அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததால் எழுதுகிறேன்.

அதுவரை பல்கலைக்கழகம் முழுக்கத் திருச்சிலுவை சபையின் உடைமை. சபைக் குருக்கள்தான் அறங்காவலர்கள். 1967 தொடக்கத்தில் சபையின் சிறப்புப் பேரவை கூடியது. தங்கள் மூத்தவர்கள் கட்டி எழுப்பியதைப் பொதுநிலையினரிடம் (குருக்கள், துறவியர் அல்லாதவர்களிடம்) கொடுப்பதா என்று கலங்கியவர்கள் அதில் இருந்தார்கள். முடிவில் சம்மதித்தார்கள். வடிவம் இப்படி: மேலே 12 பேர் கொண்ட ‘ஃபெல்லோஸ்’ குழு, அதில் ஆறு பேர் சபைக் குருக்கள், ஆறு பேர் பொதுநிலையினர். அடிப்படை விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆக எந்தத் தரப்பும் தனியாகக் கத்தோலிக்கத் தன்மையை மாற்ற முடியாது. அதற்குக் கீழே, பொதுநிலையினரே பெரும்பான்மையான அறங்காவலர் குழு. அதன் முதல் தலைவர் எட்மண்ட் ஸ்டீஃபன் என்ற சிகாகோ வழக்கறிஞர். பல்கலைக்கழகத் தலைவர் மட்டும் சபைக் குருவாகவே இருப்பார். அதிகாரத்தை இறுகப் பிடித்திருக்க எல்லா வசதியும் இருந்த ஒருவர், தாமே முன்னின்று தம் சபையின் கையிலிருந்து அதை எடுத்துக்கொடுத்தார்!

திருச்சியிலிருந்து

யாழ்ப்பாண நண்பர் எழுதியது சரி, மறுபக்கமும் சேர வேண்டும். அதே 1967 ஜூலையில், அதே ஏரிக்கரையில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற அறிக்கைக்கு அவர்தான் தலைமை தாங்கினார். திருச்சபை அதிகாரமும் அந்தத் தன்னாட்சிக்குள் தலையிடக்கூடாது என்றது அது. பல கல்லூரிகள் பெயரளவில் மட்டும் கத்தோலிக்கமாகிப் போனதற்கு அதுவே தொடக்கம் என்று வருந்துகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோட்டர் டேமில் ஃபெல்லோஸ் குழு என்ற பூட்டு இருந்தது. மற்ற இடங்களில் அறிக்கையை எடுத்துக்கொண்டவர்கள் பூட்டை எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும்.

மாணவிகள் வந்தது 1972. பக்கத்துப் பெண்கள் கல்லூரியான செயின்ட் மேரீஸோடு இணையும் முயற்சி 1971 இறுதியில் முறிந்ததும், நேரடிச் சேர்க்கை. முதல் ஆண்டு 365 பேர். பேடின், வால்ஷ் என்ற இரண்டு ஆண்கள் விடுதிகளைக் காலி செய்து கொடுத்தார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

1987இல் ஓய்வு பெற்றதும் அவரும் ஜாய்ஸும் உள்ளேயே தங்கும் வசதியுள்ள ஒரு வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அமெரிக்க மேற்கைச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். புதிய தலைவர் மலாய் தடையில்லாமல் வேலையைத் தொடங்கட்டும் என்று ஓராண்டு வளாகத்தில் இல்லை. திரும்பி வந்ததும், தம் பெயர் சூட்டப்பட்ட நூலகத்தின் 13ஆம் மாடியில் ஓர் அறை. தெற்குச் சுவரில் 134 அடி உயரத்துக்குக் கிறிஸ்து கைவிரித்து நிற்கும் அந்தக் கல் ஓவியம் உள்ள கட்டடம்தான். பின்னாளில் விழித்திரை நோயால் பார்வை மங்கியது. மாணவர்கள் வந்து நாளிதழ் வாசித்துக் காட்டுவார்கள்.

1943இல் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து அநேகமாக ஒரு நாள் தவிர எல்லா நாளும் பூசை வைத்தவர். தொடக்க ஆண்டுகளில் இது எளிதல்ல. 1953 வரை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம், மாலைப் பூசை கிடையாது. பயணத்தில் அதைக் காப்பாற்ற காலை நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. தலைவர் என்பதைவிடக் குரு என்பதையே தம் முதல் அடையாளமாகச் சொன்னவர்.

2015 பிப்ரவரி 26 அன்று 97 வயதில் இறந்தார். வளாகத்திலுள்ள சபைக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக ஒரே வடிவச் சிலுவைகள். அங்கே போகிறவர்கள் அவருடையதைத் தேட ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும்.