சிடிஜி (வயிற்றில் பெல்ட் கட்டி, வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பையும் பிரசவ வலியையும் தாளில் பதிகிற மெஷின்) போட்டபோது பிள்ளையின் துடிப்பு இறங்கின அனுபவம் யாருக்காவது உண்டா?

உப்புவெளி அம்மா:
கடைசி மாதம், அசைவு குறைவு என்று வார்டுக்குப் போனேன். பெல்ட் இரண்டும் கட்டி நிமிடத்துக்கு 140, 138 என்று ஓடின எண் திடீரென்று 82. மிஸ்ஸி (நர்ஸ்) ஒன்றும் பேசாமல், கண்ணை மெஷினில் வைத்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார். அப்புறம் ஜெல் பூசி பெல்ட்டில் துடிப்புப் பிடிக்கிற வட்டத்தைக் கொஞ்சம் கீழே தள்ளி வைக்க, திரும்பவும் 140. "அது உங்கட நாடியம்மா, பிள்ளையின்ர இல்லை" என்றார். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், எனக்கு அந்த 82 இன்னும் மறக்கவில்லை.

கிண்ணியா உம்மா:
எனக்கு வந்தது நாடி இல்லை. ஒவ்வொரு வலியும் உச்சத்துக்குப் போன பிறகுதான் துடிப்பு இறங்கும், வலி ஓய்ந்தும் ஏறாது. தாளில் கீழே வலியின் மேடு, மேலே பிந்தி வந்த பள்ளம், டொக்டர் பேனையால் தொட்டுக் காட்டினார். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தும் மாறவில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மகன் பிறந்ததும் அழுதான், அல்ஹம்துலில்லாஹ்.

சாம்பல்தீவு அக்கா:
இதை வாசித்துவிட்டு எல்லோரும் மெஷின் கேட்டு நிற்காதீர்கள். சிக்கல் இல்லாத பிரசவத்தில் விடாமல் சிடிஜி போட்டால் சிசேரியன்தான் கூடுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. மூத்தவனுக்கு மிட்வைஃப் வயிற்றில் வைத்துக் கேட்கிற பினார்ட் குழலில் காதை அழுத்தி, வலி ஓய்ந்ததும் ஒரு நிமிடம் முழுக்கக் கேட்பார், அவ்வளவுதான்.

கிண்ணியா உம்மா:
அக்கா, அதே ஆய்வுகளில் பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்ததே, அதையும் சொல்லுங்கள். எனக்கும் முதலில் குழலில்தான் பிடிபட்டது, அதற்குப் பிறகுதான் மெஷின் போட்டார்கள்.

நிலாவெளி ரீச்சர்:
என் தங்கச்சி வீட்டில் வைத்துக் கேட்கிற டொப்ளர் வாங்கினாள். அசைவு குறைந்த அன்று அதில் சத்தம் கேட்குது என்று பேசாமல் இருந்துவிட்டாள், நல்லகாலம் அடுத்த நாள் கிளினிக், மிட்வைஃப் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தங்கச்சிமாரே, அதில் உங்கள் நாடியும் கேட்கும், நச்சுக்கொடியில் இரத்தம் ஓடுகிற சத்தமும் கேட்கும், பழக்கமில்லாத காதுக்கு எல்லாம் பிள்ளைதான். சிடிஜியிலும் துடிப்பு 110க்கும் 160க்கும் இடையில் இருந்தால் மட்டும் போதாது, கோடு ஏறி இறங்கி நெளிய வேண்டும். பிள்ளை தூங்கினால் 40 நிமிடம்வரைகூடத் தட்டையாக ஓடலாம், அதனால்தான் சில நேரம் பெல்ட்டைக் கழற்றாமல் விடுகிறார்கள், பயப்படாதீர்கள். ஆனால் அசைவு குறைந்தால் விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம், இரவென்றாலும் ஓட்டோ பிடித்துப் போங்கள்.

உப்புவெளி அம்மா:
ரீச்சர், தங்கச்சிக்கு அப்புறம் என்ன ஆனது? அதைச் சொல்லவில்லையே.