8 எம்எம் பிலிமைப் போனில் பிடித்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

ரீல்பெட்டி:
பழைய 8 எம்எம் ரீல்கள் கொஞ்சம் இருக்கின்றன, புரொஜெக்டரும் ஓடுகிறது. ஆனால் சுவரில் விழும் படத்தைப் போனில் பிடித்தால் கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது, வெளிச்சமும் துடிக்கிறது. நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு டப்பாவில் மட்டும் வினிகர் வாடை. அதையும் ஓட்டலாமா?

பிலிம்கத்தரி:
அந்த டப்பாவை புரொஜெக்டரில் போடவே போடாதீங்க. அசிடேட் பிலிம் சிதைய ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் வெளிவரும், அதுதான் அந்த வாடை. பிலிம் சுருங்கியிருக்கும், புரொஜெக்டரில் பிலிமை இழுக்கும் கொக்கி ஓரத் துளையில் சரியாக விழாமல் ஓரத்தைக் கிழித்துவிடும். மற்ற ரீல்களிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள், அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். டிஜிட்டலாக்குவதில் முதல் இடம் அதற்குத்தான், இனி அது மோசமாகத்தான் போகும்.

50ஹெர்ட்ஸ்:
பட்டைக்குக் காரணம் புரொஜெக்டரின் ஷட்டர், அதாவது சுழன்று வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும் தகடு. மூன்று இதழ் ஷட்டர் என்றால் ஒவ்வொரு பிரேமும் (தனிப் படமும்) மூன்று முறை மின்னும். நொடிக்கு 18 பிரேம் ஓடினால் 54 மின்னல். போன் 30 பிரேமில் பிடிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. போனில் மேனுவல் மோடு போட்டு 25 பிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ, போகஸ், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் லாக் செய்யுங்கள். புரொஜெக்டரில் வேகத் திருகு இருந்தால் போன் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குறையுங்கள். பட்டை நகர்வது மந்தமாகி, 16.67 பிரேமில் (அதன் மூன்று மடங்கு 50) மங்கி மறையும். வேகம் மாற்ற முடியாத புரொஜெக்டர் என்றால் முழுசாகப் போகாது.

இப்படி எடுத்தாலும் 16.67 பிரேம் 25-க்குள் சமமாக அடங்காது, அசைவில் நிழல் விழும். படத்தின் நடுப்பகுதி வெளுத்தும் இருக்கும். உருப்படியாக வேண்டுமென்றால் பிரேம் பிரேமாகப் படமெடுக்கும் ஸ்கேனர்தான்.

ரீல்பெட்டி:
ஸ்கேனர் ஒன்று கிடைத்தது. ஆட்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள், படமும் குதிக்கிறது. வெள்ளை உடையெல்லாம் வெறும் வெள்ளையாக வருகிறது.

50ஹெர்ட்ஸ்:
வேகம் எளிது. பல வீட்டு ஸ்கேனர்கள் 20 பிரேம் வீடியோவாக எழுதும், சில 30. 8 எம்எம் பிலிமில் இரண்டு வகை: ரெகுலர் 8 பெரும்பாலும் நொடிக்கு 16 பிரேமில் எடுத்தது, சூப்பர் 8 வகை 18-இல். 20 பிரேம் கோப்பென்றால் எடிட்டரில் வேகத்தை ரெகுலருக்கு 80%, சூப்பருக்கு 90% வையுங்கள். 30 என்றால் 53.3%, 60%. பிரேம் பிளெண்டிங்கை (அடுத்தடுத்த பிரேம்களைக் கலப்பதை) அணைத்துவிடுங்கள். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை −0.5 அல்லது −1 வைத்து மறுபடி ஸ்கேன். வெந்துபோன வெளுப்பைப் பிறகு மீட்க முடியாது, இருட்டைக் கொஞ்சம் தூக்கலாம்.

பிலிம்கத்தரி:
படம் குதிப்பதற்கு முதலில் ஸ்கேனரில் ரெகுலரா சூப்பரா என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானைப் பாருங்கள். பிலிமின் ஓரத் துளை பெரிதாக, இரண்டு பிரேமுக்கு நடுக்கோட்டில் இருந்தால் ரெகுலர். சின்னதாக, பிரேமின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர். ரீலின் மையத் துளையை நம்பாதீர்கள், யாராவது வேறு ரீலில் சுற்றியிருக்கலாம். வகை சரியென்றால் கேட்டில் (ஸ்கேனரில் பிலிம் கடந்துபோகும் இடத்தில்) பஞ்சு, தூசு இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், பஞ்சுக்குச்சி வேண்டாம், அதுவே நார் விடும்.

பிலிமைத் துடைக்க நார் விடாத துணியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, துணிக்கு நடுவே பிலிமை மெதுவாக இழுத்து, காய்ந்த பிறகே சுற்றுங்கள். தண்ணீர் கூடவே கூடாது, எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) ஊறிவிடும். ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடினால் அது ஒலிப்பட்டை, ஆல்கஹால் படக்கூடாது. சாதாரண வீட்டு ஸ்கேனர் அந்த ஒலியை எடுக்காது, அந்த ரீல்களைத் தனியே வைத்து ஒலி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பழைய ஒட்டு விட்டுப்போயிருந்தால் ஸ்கேனுக்கு முன்பே ஸ்ப்ளைசிங் டேப் (பிலிம் துண்டுகளை இணைக்கும் டேப்) போடுங்கள். நடுவில் அறுந்தால் கேட்டுக்குள் சுருண்டுகொள்ளும்.