‘டைடி அப்’ என்றால் என்ன செய்ய வேண்டும்? அவசரம்

குழப்பம்_கோவை: மேலாளர் ‘டைடி அப்’ செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். கூட்டித் துடைப்பது என் வேலை இல்லையே! மாலைக்குள் பதில் எழுத வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

தஞ்சைத்தறி: எதை? வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள்.

நூலகன்: துடைப்பம் வேண்டாம். அழுக்கை நீக்குவது ‘கிளீன் அப்’. கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்துவது ‘டைடி அப்’. மேசையில் தூசி படிந்திருந்தாலும் காகிதங்களை அடுக்கிவிட்டால் அது டைடிதான்.

வெண்பா_ரசிகை: மேசையாகத்தான் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் தணிக்கைக்கு முன் இப்படித்தான் சொல்வார்கள். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நூலகன்: அது ‘புட் அவே’. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது.

இலக்கணச்சாமி: அகராதியைப் புரட்டினால் உடனே தீர்கிற சந்தேகம். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கமே இப்போது யாரிடமும் இல்லை. ‘அப்’ சேர்ந்தால் செயல் முழுமையடைகிறது என்று பொருள்: ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப். நம் ‘விடு’ போல: தின்றுவிடு, குடித்துவிடு.

தஞ்சைத்தறி: அப்படியானால் கைவிடுவதைக் குறிக்கும் ‘கிவ் அப்’? அகராதியில் தேடுவதைக் குறிக்கும் ‘லுக் அப்’? இங்கிலாந்தில் பிள்ளைகளிடம் ‘டைடி யுவர் ரூம்’ என்று ‘அப்’ இல்லாமலும் சொல்கிறார்கள். பாதி அறை போதும் என்றா பொருள்?

இலக்கணச்சாமி: விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்காதீர்கள்.

தஞ்சைத்தறி: விதிவிலக்குகள் இத்தனை இருந்தால் அது என்ன விதி? ஒவ்வொன்றாகக் கற்பதுதான் வழி.

குழப்பம்_கோவை: விற்பனைக் கணக்கு, எக்செல் கோப்பு. ‘ப்ளீஸ் டைடி அப் த ஷீட் பிஃபோர் ஃப்ரைடே.’ ‘ஐ வில் டைடி அப் இட்’ என்று எழுதலாமா?

நூலகன்: இதல்லவா முதலில் வேண்டியது! தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், வெற்று வரிசைகளை நீக்குங்கள், தலைப்புகளைச் சீராக்குங்கள். எண்களில் கை வைக்காதீர்கள். தவறாகத் தோன்றும் எண்ணைக் குறித்துவைத்து மேலாளரிடமே கேளுங்கள். ‘டைடி அப் இட்’ கூடாது. ‘த ஷீட்’ என்பது ‘அப்’புக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். பெயருக்குப் பதிலாக நிற்கும் ‘இட்’, ‘தெம்’ நடுவில்தான் வரும்: ‘ஐ வில் டைடி இட் அப்.’

வெண்பா_ரசிகை: ‘கிளியர் அப்’ என்றாலும் இதுதானா?

இலக்கணச்சாமி: சிதறியதை ஒழுங்குபடுத்தவும் வரும், மேகம் கலைவதற்கும் சந்தேகம் தீர்வதற்கும்கூட வரும். தனி இழை தொடங்குங்கள்.

குழப்பம்_கோவை: ‘டைடி இட் அப்’ என்றே அனுப்பிவிட்டேன். நன்றி.

தஞ்சைத்தறி: இலக்கணச்சாமி, ‘கிவ் அப்’புக்கு இன்னும் பதில் வரவில்லை.